பிடியரிசிக் கஞ்சி

ஒரு வருஷமாக ஜெசிந்தா கோயிலுக்குப் போகவில்லை. அவள் கைக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை. காலையில் உலைக்கு அரிசி அளந்தவுடன் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்பு மேடையிலிருந்த பால்பவுடர் டப்பாவில் அது பாட்டுக்குப் போட்டுவிடும். கருங்குழியை ஒட்டிய அந்தக் காலனியில் சபையைச் சேர்ந்த எல்லா வீட்டிலும் அப்படியொரு பிடியரிசி டப்பா உண்டு. மாதத்துக்கு ஒருமுறை பெண்கள் சங்கத்தார் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இல்லாத வீட்டுக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் அது போய்ச் சேரும். ஜெசிந்தா வீட்டுக் கதவைத் தட்ட மட்டும் சங்கத்தாருக்குத் தைரியம் வரவில்லை. டப்பா நிரம்பியது, ஒரு வாளியும் நிரம்பியது, அவள் கை அதன் வேலையை நிறுத்தவில்லை.

அவளுக்கும் ஆண்டவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. அது சாலமோன் பற்றியது.

சாலமோன் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். எதைக் குடித்தாலும் பாதியோடு நிறுத்துகிற மனிதர். டீ ஆகட்டும், காலைக் கஞ்சி ஆகட்டும், டம்ளர் பாதிக்கு வந்ததும் "எனக்குப் போதும், நீ குடி" என்று நீட்டிவிடுவார். இருபத்தாறு வருஷம் அந்த மீதியைக் குடித்து வளர்ந்த உடம்பு ஜெசிந்தாவுடையது. எச்சிலைக் குடிக்க வைக்கிறாயே என்று ஆரம்பத்தில் சண்டை போட்டவள், பிறகு ஒருநாள் அவர் முழுசாகக் குடித்துவிட்டால் ஊடல் கொள்கிற அளவுக்குப் பழகிப்போனாள்.

போன வருஷம் அவர் கல்லீரல் கெட்டு, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசி மூன்று நாளும் வாய்வழியாக ஒன்றும் இறங்கவில்லை. ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தாலும் திரும்பி வந்தது. ஜெசிந்தா கட்டிலடியிலேயே உபவாச ஜெபம் இருந்தாள். பச்சைத் தண்ணீர் தவிர அவள் பல்லில் எதுவும் படவில்லை. மூன்றாம் நாள் காலையில் சாலமோன் கண்ணைத் திறந்து, கஞ்சி வாங்கி வா என்றார். ஜெபம் கேட்கப்பட்டது என்றே அவள் நினைத்தாள். சந்தோஷத்தில் செருப்பைக்கூடப் போடாமல் கேட்டுக்கு வெளியே ஓடினாள். கடையில் கூட்டம். டம்ளரோடு அவள் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

அடக்க ஆராதனைக்கு வந்தவர்களில் முப்பது பேராவது கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சித்தம் இருக்கட்டும், உயிரைத்தான் கொடுக்கவில்லை, கடைசி நிமிஷத்தில் பக்கத்தில் இருக்கவாவது விட்டிருக்கக் கூடாதா என்பதுதான் அவள் வழக்கு. அன்றோடு கோயிலும் அங்கே வாங்கும் திருவிருந்தும் போயின. வீட்டில் கஞ்சி என்ற சொல்லும் போயிற்று.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் தொடங்கிய வாரத்தில் அன்பரசி வந்து நின்றாள். கருங்குழியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவள், சங்கத்துக்குப் புதிய செயலாளர். வயது முப்பதுகூட இல்லை என்பதால் பயமும் இல்லை. டப்பாவையும் வாளியையும் பார்த்தாள். லெந்தின் ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரிய ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்குக் காலையில் பிடியரிசிக் கஞ்சி கொடுப்பதாகச் சங்கம் தீர்மானித்திருப்பதையும், இருநூறு பேருக்கு அடுப்பு வைத்துப் பழகிய ஆள் இந்தச் சபையிலேயே ஒருத்திதான் என்பதையும் சொன்னாள். அது உண்மைதான். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பதினேழு வருஷம் சமைத்தவள் ஜெசிந்தா.

"சோறு வேணா ஆக்கித் தரேன் அன்பு. கஞ்சி காய்ச்ச மாட்டேன்" என்றாள் ஜெசிந்தா.

ஏன் என்று அன்பரசி கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்த வழியே போகவேண்டியிருந்திருக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவருக்குப் பிடியரிசியோடு பழக்கமில்லை. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, இன்னொரு வீட்டில் பச்சரிசி, யாரோ ஒரு புண்ணியவதி சீரகச் சம்பாவும் போட்டிருந்தாள். எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்தால், ஒன்று குழைகிற நேரத்தில் ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். பிடியரிசிக்கு உள்ள ஒரே மரியாதை கஞ்சிதான். கேன்டீன்காரி ஜெசிந்தாவுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் வீம்புக்குத் தக்காளிச் சோறு ஏற்றினாள்.

விடிகிற நேரத்தில், கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் மூடியைத் திறந்தபோது கூடியிருந்த ஏழெட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். மேலே களி, கீழே கல். துடுப்பு பாதியில் நின்றுவிட்டது. சரக்கு ஏற்ற வந்த ஜெபசிங் தன் சின்ன லாரியின் எஞ்சினை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். ஒருத்தி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஜெசிந்தாவின் காலருகே வைத்தாள், இன்னொருத்தி அடுத்த குடத்தை வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். குடங்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வந்து சேர்ந்த நான்கு குடத்தையும் அண்டாவில் ஊற்றி, விறகைத் தள்ளி, பூண்டு தட்டிப் போட்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு கஞ்சி காய்ச்சினாள். கண்ணில் வந்ததற்குப் புகையின் மேல் பழி போட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றது. கஞ்சி சிவப்பாக இருந்ததைப் பார்த்த ஒரு பாய், நோன்புக் கஞ்சியா என்று கேட்டுச் சிரித்து, இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். ஜெசிந்தா மட்டும் குடிக்கவில்லை. அடியில் கொஞ்சம் மிஞ்சியது. நோயாளியை விட்டு இறங்கி வர முடியாதவர்கள் மேலே இருப்பார்கள் என்று காவலாளி சொன்னதும், மற்றவர்கள் அண்டா கழுவப் போய்விட்டதால், தூக்குவாளியோடு அவளே படியேறவேண்டியதாயிற்று. ஏறின பிறகுதான் அது சாலமோன் கிடந்த வார்டின் தாழ்வாரம் என்று கால் சொன்னது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு மனிதர் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கடலில் காய்ந்து கருத்த உடம்பு. தரையில் உட்கார்ந்து கட்டில் காலைக் கையால் சுற்றிப் பிடித்திருந்தவள் அவர் மனைவி வச்சலா. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம். புருஷன் தணிகைவேல் படகுக்குப் போவார், இவள் மீன் விற்பாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு பத்து நாளாகக் கிடக்கிறார் என்றாள். டம்ளரை நீட்டியதும் தலையை அசைத்து மறுத்துவிட்டாள்.

"அவருக்குப் பச்சத் தண்ணிகூட அளந்துதான் குடுக்குறாங்க. அவரு பாத்துகினு இருக்க, நான் எப்பிடிக்கா குடிப்பேன்? கீழ எறங்கிப் போனா நடுவுல எதுனா ஆச்சின்னா இன்னா பண்றது?"

ஜெசிந்தா தூக்குவாளியோடு இறங்கி வந்தாள். அன்று மாலையே அன்பரசி வீட்டுக்குப் போய், ஒரு வருஷத்தில் முதல்முறையாகத் தானாகப் பேசினாள். வாசலில் நின்று கொடுத்தால் வரமுடிந்தவர்கள்தான் வருவார்கள். பாதிப்பேர் கஞ்சி ஊற்றட்டும், பாதிப்பேர் மேலே போய்க் கட்டிலருகே உட்காரட்டும். துணையிருப்பவர் இறங்கிப்போய்ப் பசியாறி வரும் வரைக்கும் நாம் துணை. பிரசங்கம் வேண்டாம், துண்டுப் பிரசுரம் வேண்டாம், கேட்டால் மட்டும் ஜெபம். அன்பரசி நோட்டை எடுத்து முறை போட்டாள். வார்டு நர்சிடம் அனுமதி கேட்டதும் அவள்தான்.

அப்புறம் நடந்ததை ஜெசிந்தாவே எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை என்றால் காலனியில் மூன்றரை மணிக்கே விளக்கு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒருவரையொருவர் பாராமல் உட்கார்ந்திருந்த இரண்டு ஓரகத்திகள் ஒரே விறகைப் பிடித்து இழுத்தார்கள். பாட வராதவள் பாடினாள். திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தின் மேல் காலி அண்டாக்கள் உருண்டு தாளம் போட, லாரியின் பின்னால் உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் வாரம் ஜெசிந்தா முன்னால் ஜெபசிங் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். மூன்றாம் வாரம் பின்னால் ஏறினாள். ராகம் இழுபட்ட இடத்தில் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்து சரிப்படுத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த அடியைப் பாடினார்கள். அதற்காகவே அந்தப் பெண்களை அவளுக்கு மறுபடி பிடித்துப் போயிற்று. சந்தோஷம் என்று ஒன்று தனக்கு இன்னும் மிச்சம் இருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வச்சலா மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு வாரமும் ஜெசிந்தா கேட்டாள், ஒவ்வொரு வாரமும் கட்டில் காலைப் பிடித்தபடி மாட்டேன் என்றாள். தணிகைவேல் தூங்கும்போது தாழ்வாரத்துக்குப் போய் ஒரு பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்பதுதான் அவள் சாப்பாடு. நான்காவது சனிக்கிழமை அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மனைவியிடம் கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். ஜெசிந்தாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"மூணு வாரமா கேட்டுகினு கீறேன் வச்சலா. பத்து நிமிசம். நான் அவரு கையப் புடிச்சிகினு உக்காந்துக்கிறேன். போய் சூடா குடிச்சிட்டு வா. போ."

வச்சலா தயங்கித் தயங்கி எழுந்தாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக் காட்டிய பிறகுதான் இறங்கினாள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். தணிகைவேல் கண்ணைத் திறந்து, எங்கே என்று தேடினார், ஏதோ கேட்டார். ஜெசிந்தா பதில் சொன்னாள். அவர் இன்னும் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு வந்த மூச்சு வேறு மாதிரி இருந்தது. அவள் கையை விடாமல் நர்சைக் கூப்பிட்டாள். டாக்டரும் ஓடி வந்தார், செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வச்சலா தாழ்வாரத்தில் வந்தபோது, திரையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அலறவில்லை. அலறியிருந்தால் தேவலை. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து, "நீதான போன்னு சொன்ன" என்றாள். அவர் சொன்னதைச் சொல்ல ஜெசிந்தா வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டு வச்சலா திரைக்குள் போனாள்.

மறுநாள் குப்பத்தில் அடக்கம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஜெபசிங்கின் லாரியிலேயே போனார்கள். சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்பத்துப் பெண்களுக்குப் பின்னால் நின்றார்கள். அது அவர்கள் முறைச் சடங்கு. இவர்கள் பாடவில்லை, ஜெபிக்கவில்லை, நின்றார்கள். வச்சலா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தாள். ஜெசிந்தாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தனக்கு நடந்ததைத் தன் கையாலேயே இன்னொருத்திக்குச் செய்துவிட்டோம் என்பது ஜெசிந்தாவை விடவில்லை. ஐந்தாம் வாரமும் ஆறாம் வாரமும் அண்டா அருகே நின்றாள், கரண்டி பிடித்தாள், படியேறவில்லை. நோட்டில் அவள் பெயர் இருந்த இடத்தில் அன்பரசி வேறு பெயர் எழுதினாள். லெந்து முடிந்ததும் இதையும் விட்டுவிட்டு, படூரில் இருக்கும் மகள் சிநேகா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள், ஏழாவது சனிக்கிழமை. வரிசை முக்கால்வாசி முடிந்திருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக வந்த பஸ் நிற்குமிடத்திலிருந்து ஒருத்தி சாலையைக் கடந்து வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. வரிசையில் நிற்காமல் நேராக அண்டாவிடம் வந்து நின்றாள்.

"அன்னிக்கி இன்னாமோ சொல்ல வந்தியே" என்றாள் வச்சலா. "சொல்லு. அவரு இன்னா சொன்னாரு?"

ஜெசிந்தா கரண்டியை அன்பரசியிடம் கொடுத்தாள். இருவரும் சுவரோரம் போனார்கள். மூன்று வாரமாக மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்ததை ஜெசிந்தா சொன்னாள்.

"கண்ணத் தொறந்து, அவ எங்கன்னாரு. கீழ கஞ்சி குடிக்கப் போயிருக்கான்னேன். குடிக்கிறாளான்னு கேட்டாரு. குடிக்கிறான்னேன். அவரு மொகம் அப்பிடியே எளகிப் போச்சி வச்சலா. வயிறார குடிக்கச் சொல்லு, மெதுவா வரச் சொல்லுன்னாரு. அவ்ளோதான். கைய நான் வுடல."

வச்சலா மெதுவாக என்ற அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை அழுதாள். ஜெசிந்தா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் மனசால் அவள் அங்கே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டையோடு ஒருவர் கண்ணைத் திறந்து, கஞ்சி வாங்கி வா என்று சொல்கிற கட்டிலருகே இருந்தாள்.

மூன்று நாளாகத் தான் பட்டினி கிடந்ததை சாலமோன் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். சாப்பிடு என்று சொன்னால் உபவாசம் என்பாள், கேட்கமாட்டாள். அவள் கேட்கக்கூடிய ஒரே வழி அவருக்குத் தெரியும். தனக்கென்று வாங்கி வரச் சொல்லி, உதட்டில் பட்டதும் எனக்குப் போதும் என்று நீட்டவேண்டும். அவர் கேட்ட கஞ்சி அவருக்கு இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. எவ்வளவு மக்கு நான் என்று நினைத்தபோதே அவளும் அழுதாள். வச்சலாவுக்காக அழுகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வச்சலா மஞ்சள் பையை நீட்டினாள். உள்ளே அரிசி.

"வூட்டுல ஒல வெக்கும்போது அல்லாரும் ஒரு புடி எடுத்து வெப்பீங்கன்னு அந்த அன்பு பொண்ணு சொல்லிச்சி. காரியம் முடியிற வரைக்கும் நானும் தெனம் ஒரு புடி போட்டேன். எங்க சாமி ஒண்ணும் சொல்லாது" என்றவள், ஜெசிந்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ குடிச்சியா?"

ஜெசிந்தா இல்லையென்று தலையசைத்தாள். ஏழு வாரமும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

"மேல எந்தக் கட்டிலு இன்னிக்கி?" என்று வச்சலா அன்பரசியைக் கேட்டாள்.

ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டில், மகன் ஒருவன் அப்பாவை விட்டு இறங்காமல் இருக்கிறான் என்று அன்பரசி நோட்டைப் பார்த்துச் சொன்னாள். அந்த இடத்தில் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு வச்சலா என்று எழுதினாள்.

"நான் போய் உக்காந்துகினு அந்தப் புள்ளைய அனுப்புறேன். நீ குடி" என்றாள் வச்சலா. வாசல்வரை போனவள் நின்று, திரும்பி, ஜெசிந்தாவின் கைக்கு டம்ளர் வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்த பிறகுதான் படியேறினாள்.

அன்பரசி ஊற்றிக் கொடுத்தது விளிம்புவரை நிறைந்திருந்தது. ஜெசிந்தா சுவரோரம் குந்தி உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். குழைந்த அரிசியும் குழையாத அரிசியும் ஒன்றாக நாக்கில் பட்டன. உப்பு சரியாக இருந்தது. டம்ளர் பாதிக்கு வந்தபோது அவள் கை தானாக நின்றது. சாலமோன் நிறுத்துகிற இடம் அது. அதற்கு மேல் உள்ளது என்றைக்கும் அவளுடைய பங்கு.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக அதையும் குடித்தாள்.